பத்தாம் வகுப்பிற்குப் பின் எந்தப் பாடப்பிரிவு?

(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று ஏடுகளை எடுத்துத் தூசு தட்டிப் புதுத்துணி சுற்றிப் பீடத்தில் வைத்து வழிபடும் நாள். இந்நாளின் வரலாறு இங்குள்ள முதியோர் அறிந்ததே. இளையோர் பொருட்டு ஒருமுறை கூறலாம். கிர்நார் மலைக் குகையில் வாழ்ந்த தரசேன ஆசாரியர், தாம் கற்ற ஆகமப் பகுதி தம் முதுமையோடு மறைந்துவிடுமோ என அஞ்சித் தென்னாட்டு முனிவர் பேரவைக்கு ஓலை விடுத்தார். பேரவையினர் இருவரைத் தேர்ந்து அனுப்பினர். வந்தவர்க்கு ஆசாரியர் உடனே பாடம் தொடங்கிவிடவில்லை. ஒருவர்க்கு ஓரெழுத்து மிகுந்த மந்திரத்தையும், மற்றவர்க்கு ஓரெழுத்துக் குறைந்த மந்திரத்தையும் தந்து ஓதுமாறு பணித்தார். ஓதியபோது ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றினர். தேவதைகளின் இயற்கை வடிவம் இதுவன்று, பிழை மந்திரத்தில்தான் உள்ளது என இருவரும் தனித்தனியே உணர்ந்து, மிகுந்ததை நீக்கியும் குறைந்ததைக் கூட்டியும் மீண்டும் ஓதினர். அதன் பின்னரே பாடம் தொடங்கிற்று. அவ்விருவரே புட்பதந்தரும் பூதபலியும் ஆவர். புட்பதந்தர் தொடங்கிய சட்கண்டாகமத்தைப் பூதபலி நிறைவு செய்தார். பூதபலி திரமிள நாட்டிற்கு, அதாவது தமிழர் நாட்டிற்கு, வந்தார் என்பதும் மரபு.

தரசேனர் மாணாக்கரின் நினைவாற்றலைச் சோதிக்கவில்லை. கொடுத்ததை அப்படியே ஒப்பித்திருந்தால் இருவரும் தோற்றிருப்பர். எம்மாணாக்கனிடம் எது உள்ளது என்று கண்டறிந்த பின்னரே எதைக் கற்பிப்பது என்று முடிவு செய்வது பழைய ஆசிரியர்களின் முறை. இன்று வரிசை தலைகீழாக நிற்கிறது. பாடப்பிரிவை முதலில் முடிவு செய்துவிட்டு, பிள்ளையிடம் என்ன இருக்கிறது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவில் அறிந்துகொள்கிறோம்.

சுருத பஞ்சமியும் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையும் ஏறத்தாழ ஒரே வாரங்களில் வருகின்றன. அதனால்தான் இவ்வாண்டு இப்பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டது.

முதலில் ஒரு குடும்பத்தின் செய்தி. செஞ்சிக்கு அருகில் ஒரு சிற்றூர். மணிலாவும் நெல்லும் பயிரிடும் வீடு. அவ்வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பில் 500-க்கு 439 பெற்றாள். தமிழில் 98, ஆங்கிலத்தில் 91, அறிவியலில் 84, சமூக அறிவியலில் 98, கணிதத்தில் 68. ஊரில் அதுவே முதல் மதிப்பெண், பாராட்டுகள் வந்தன. சென்னையிலிருந்து தாய்மாமன் வந்திருந்தார். "ஃபர்ஸ்ட் குரூப்பே கிடைக்குது மாமா, அதை விட்டுட்டு வேற எதுக்குப் போகணும்?" என்றார். தந்தையார் மறுமொழி சொல்லவில்லை. 439 என்னும் கூட்டுத்தொகையை எல்லோரும் பார்த்தனர். 68 என்னும் எண்ணை ஒருவரும் பார்க்கவில்லை. அப்பெண் ஏழாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவில் திருநாதர்குன்றிற்குச் சென்றவள். இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட பாறையையும், ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டையும் கண்டு திரும்பியவள். அதன்பின் அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பழைய எழுத்துகளை வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதை வீட்டார் விளையாட்டு என்று எண்ணினர். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் அடங்கிய பிரிவில் அவள் சேர்க்கப்பட்டாள்.

'முதல் குரூப்' என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்டால் விடை எளிது: விண்ணப்பத்தில் முதலில் அச்சிடப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் அவ்வரிசையில் எந்தத் தகுதி உயர்வும் இல்லை. ஆயினும் நாற்பது ஆண்டுகளில் அஃது ஒரு குலப்படிநிலை போலவே ஆகிவிட்டது. கூட்டுமதிப்பெண் மிகுந்தவர்க்கு உயிரியல் கணிதம், அடுத்தவர்க்குக் கணினி அறிவியல், அதற்கடுத்து வணிகவியல், அதற்குக் கீழே வரலாறு, யாருக்கும் வேண்டாததாகத் தொழிற்பிரிவு. குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையைக் கடைசிப் பிரிவில் போடுவதைத் தண்டனை என்றே பிள்ளைகளும் எண்ணுகின்றனர்.

இம்முறையின் தோற்றத்தைச் சிறிது நினைவுகூரலாம். இங்குள்ள எழுபது வயதினர் பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை எஸ்.எஸ்.எல்.சி. என முடித்து, ஓராண்டுப் புகுமுக வகுப்பிற்குக் கல்லூரிக்குச் சென்றவர்கள். அவர்களுக்கும் மூத்தவர்கள் ஈராண்டு இண்டர்மீடியட் படித்தவர்கள். புகுமுக வகுப்பு கல்லூரியில்தான் இருந்தது. கல்லூரி நகரத்தில்தான் இருந்தது. ஆகவே பதினாறு வயதுப் பெண்ணை நகரத்து விடுதிக்கு அனுப்ப மனமில்லாத எத்தனையோ வீடுகளில் பெண் கல்வி எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. 1978-இல் மேனிலை வகுப்புகள் பள்ளிகளிலேயே தொடங்கப்பட்டபோது அந்தத் தடை பெரிதும் நீங்கிற்று. இச்சபையில் பட்டம் பெற்ற பெண்மணிகள் இத்தனை பேர் அமர்ந்திருப்பதற்கு அம்மாற்றமும் ஒரு காரணம். அந்த நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. புகுமுக வகுப்பில் பிரிவைத் தேர்ந்தவன் எஸ்.எஸ்.எல்.சி.யை முடித்த பதினாறு, பதினேழு வயதினன்; இன்று தேர்பவர்க்குப் பதினைந்து. பதினைந்து வயதில் பிள்ளை தானே தேர்வதில்லை. அவர் பெயரால் வீட்டார் தேர்கின்றனர்.

இனி, ஒவ்வொரு பிரிவும் எந்தக் கதவைத் திறக்கிறது, எதை மூடுகிறது என்பதைச் சற்று விரிவாகக் காணலாம். இதில்தான் தவறான செய்திகள் மிகுதியாக உலவுகின்றன.

தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் கணக்கிடப்படுவது கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. உயிரியல் மதிப்பெண் அதில் இடம்பெறுவதில்லை. மருத்துவச் சேர்க்கைக்குரிய நீட் தேர்வில் 720 மதிப்பெண். அதில் உயிரியலுக்கு மட்டும் 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. அங்கே கணிதம் இல்லை. ஆகவே 'இரண்டு கதவும் திறந்திருக்கும்' என்று கருதி உயிரியல் கணிதப் பிரிவில் சேரும் பிள்ளை, எந்தக் கதவில் நுழைந்தாலும் ஒரு பாடத்தை ஈராண்டு சுமந்து கழிக்கிறது. இரண்டையும் விரும்பிக் கற்கும் பிள்ளைக்கு அது சுமையன்று. மற்றவர்க்கு, வாரத்தில் எத்தனையோ மணி நேரம் அதில் கரைந்துபோகிறது. பொறியியலே குறிக்கோள் என்று உறுதியாகத் தெரிந்தால் கணினி அறிவியலோடு கூடிய பிரிவு போதும். மருத்துவம், செவிலியம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் நாட்டம் உறுதியாக இருந்து கணிதம் கசக்குமானால், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் கொண்ட பிரிவு உள்ளது. ஆனால் அதில் சேர்ந்தபின் பொறியியல் கதவு மூடிவிடும் என்பதை அறிந்தே சேர வேண்டும்.

உயிரியல் படித்தவர்க்கு மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று கருதுவோர் பலர். கால்நடை மருத்துவப் படிப்பிற்கு மாநில இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை, நீட் தேவையில்லை. மருந்தியல் பட்டப்படிப்பில் உயிரியல் படித்தவரும் சேரலாம், கணிதம் படித்தவரும் சேரலாம். வேளாண்மைப் பட்டப்படிப்பும் அறிவியல் பிரிவினர்க்கு உண்டு. அதில் வேளாண் தொழிற்பிரிவில் படித்த மாணவர்க்கும் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பி வாழ்ந்த சமூகம், வேளாண் அறிவியல் என்னும் தொழிற்பிரிவைக் கண்டு முகம் சுளிப்பது வியப்பாகவே இருக்கிறது.

உயிரியல் குறித்து இச்சமூகத்திற்கே உரிய ஒரு தயக்கமும் முன்பு இருந்தது. விலங்கியல் ஆய்வகத்தில் தவளையை அறுத்துக் காட்டுவது வழக்கமாக இருந்த காலத்தில், ஓரறிவு உயிர்க்கும் இரங்கும் வீட்டுப் பிள்ளைகள் அதனாலேயே உயிரியலைத் தவிர்த்ததுண்டு. தேர்வு நாளில் கத்தியைத் தொடாமல் மதிப்பெண்ணை இழந்தவர்களும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் கல்லூரி விலங்கியல் வகுப்புகளிலேயே விலங்கறுப்பை நிறுத்துமாறு அறிவித்துவிட்டது. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பது இறந்த மனிதரின் கொடையுடலில். ஆகவே பழைய தயக்கத்தை இன்றைய பேத்தியின் மேல் ஏற்ற வேண்டுவதில்லை.

வணிகவியல் பிரிவைப் பற்றி இரு செய்திகள் போதும். பட்டயக் கணக்காளர் தேர்வுகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்தவரும் பதிவு செய்யலாம். ஆயினும் கணக்குப்பதிவியல் கற்றவர்க்கு முதற்படி எளிதாகும். கணிதத்திற்கு அஞ்சி வணிகவியலுக்கு ஓடுவோர் ஒன்றை அறிதல் நலம்: அத்தேர்வின் முதல்நிலையிலேயே வணிகக் கணிதமும் புள்ளியியலும் ஒரு தாளாக வருகின்றன. கணிதமே இல்லாத வணிகம் உலகில் இல்லை. மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

சட்டப் படிப்பிற்கு எப்பிரிவும் தடையன்று. தமிழ், வரலாறு, ஆங்கிலம் ஆகிய பட்டப்படிப்புகளுக்கும் அவ்வாறே. பல்தொழில்நுட்பப் பயிலகத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் சேர்ந்து மூன்றாண்டில் பட்டயம் பெற்றவர், பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். கையால் செய்து கற்கும் இயல்புடைய பிள்ளைக்கு, ஈராண்டு நெட்டுருப் போடுவதைவிட அது நல்ல வழி. தொழிற்பயிற்சி நிலையங்களும் உள்ளன. பொறியாளரின் தந்தை என்று சொல்லிக்கொள்ள விரும்பும் ஒருவர், தம் மகன் பதினைந்து வயதிலேயே பம்புசெட்டைப் பிரித்துப் பூட்டுவதைக் கண்டும் அவனைப் பயிலகத்திற்கு அனுப்ப நாணுகிறார். இது விளங்காத ஒன்று.

அடுத்தது, பிரிவைவிடப் பெரிய ஒரு முடிவு; எப்பள்ளி என்பது. இங்கே இன்னொரு குடும்பத்தின் செய்தி.

திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊர். அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த சிறுவன், 2022-இல் பத்தாம் வகுப்பில் மிக நல்ல மதிப்பெண் பெற்றான். மருத்துவம் அவன் விருப்பம். வீட்டார் விருப்பமும் அதுவே. அருகிலிருந்த அரசு மேனிலைப் பள்ளியை விடுத்து, தொலைவில் விடுதியுடன் கூடிய ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தனர். கட்டணத்திற்காக ஏரிப்பாசன நிலத்தில் ஒரு பகுதி அடகு வைக்கப்பட்டது. அவ்வீட்டில் இரவுணவு நீத்தல் தலைமுறைகளாகத் தவறாத நோன்பு. விடுதியிலோ மாலை வகுப்பு முடியும்போதே இருட்டிவிடும். எட்டரைக்குத்தான் உணவு மணி அடிக்கும். முதல் மாதம் சிறுவன் மாலை இடைவேளையில் பொரியும் வாழைப்பழமும் உண்டு சமாளித்தான். இரண்டாம் மாதம் காய்ச்சல் வந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து எல்லோரோடும் எட்டரைக்கு உண்டான். அதை அவன் பாட்டியிடம் சொல்லவில்லை; பாட்டியும் கேட்கவில்லை. கேட்டால் என்ன விடை வரும் என்று அவர் அறிந்திருந்தார்.

நீட் தேர்வில் அவன் நல்ல மதிப்பெண்ணே பெற்றான். கலந்தாய்வு நேரத்தில்தான் தந்தையார் ஒன்றை அறிந்தார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு தனியே ஒதுக்கும் சட்டம் 2020 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வழி இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிற்கும் அவ்வொதுக்கீடு விரிவாக்கப்பட்டது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாறிய அந்நாளிலேயே அவன் அவ்வுரிமையை இழந்திருந்தான். அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்த அவன் வகுப்புத் தோழன், அவனைவிடக் குறைந்த மதிப்பெண்ணோடு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தான். இவன் இன்று ஒரு கல்லூரியில் விலங்கியல் படிக்கிறான். நன்றாகவே படிக்கிறான். நிலம் இன்னும் மீட்கப்படவில்லை.

தனியார் பள்ளியை இழித்துக் கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. அப்பள்ளி எவரையும் ஏமாற்றவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருக்கக்கூடும். பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கையில் வாங்கும் நாளில் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்க ஒருவர்க்கும் தோன்றவில்லை என்பதே துயரம். அரசு உதவி பெறும் பள்ளி இந்த ஒதுக்கீட்டில் சேராது என்பதையும் கருத்தில் கொள்க. உதவி பெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்றே எண்ணிக்கொள்ளும் வீடுகள் பல.

பயிற்று மொழியும் அத்தகையதே. பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளையை, 'இனியாவது இங்கிலீஷ் மீடியம்' என்று பதினொன்றில் மாற்றுவோர் பலர். இயற்பியலின் கடுமையோடு மொழியின் கடுமையும் ஒரே நாளில் தோளில் ஏறும். அதுமட்டுமன்று, தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பள்ளிக் கல்வி முழுவதையும் தமிழ்வழியில் பயின்றிருந்தால்தான் பட்டப்படிப்புத் தகுதிப் பணிகளில் அந்த முன்னுரிமை கிடைக்கும். மாறுவது குற்றமன்று, பலர் மாறி நன்கு படித்துள்ளனர். இழப்பை அறிந்து மாறுவது வேறு, அறியாமல் மாறுவது வேறு.

அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. சிறு தொகைதான், பேருந்துக்கும் நோட்டுக்கும் அது போதும். சமணர் 2014-ஆம் ஆண்டு சனவரியில் நாடு தழுவிய சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். ஆனால் பதினொன்றாம் வகுப்பு விண்ணப்பத்தில் சமயம் என்ற கட்டத்தை அலுவலரே பழக்கத்தின் காரணமாக வேறு விதமாக நிரப்பிவிடுவதுண்டு. அங்கே எழுதப்படுவது கல்லூரி வரை தொடரும். தாய்மார்கள் அக்கட்டத்தைக் கண்ணால் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.

இனிப் பிள்ளையின் இயல்பை அறிவது எங்ஙனம்? பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை வகைப்படுத்துகிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கர்க்கு. கிளியை அவர் இடையில் வைத்தது எண்ணத் தக்கது. சொன்னதைச் சொன்னவாறே சொல்வது கிளி. இன்றைய தேர்வு முறையில் கிளியே முதல் மதிப்பெண் பெறும். பசு அப்படியன்று, புல் மிகுந்த இடத்தைக் கண்டால் வயிறு நிறைய மேய்ந்து, பின்னர் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். பிள்ளை எந்தப் புல்லைக் கண்டால் மேய்கிறது, எதை அசைபோடுகிறது என்பதே பெற்றோர் காண வேண்டியது. தேர்வு இல்லாத நாளில் எந்தப் புத்தகத்தைத் தானாக எடுக்கிறான், உணவு நேரத்தில் எதைப் பற்றிப் பேசுகிறாள், எந்தப் பாடத்தில் தவறினால் வருந்துகிறாள், எதில் தவறினாலும் கவலையே படுவதில்லை, இவற்றை மதிப்பெண் பட்டியல் சொல்லாது. அடுப்படியில் நிற்கும் தாய்க்குத் தெரியும். அத்தாயைக் கலந்துகொள்ளாமல் ஆடவர் கூடித் திண்ணையில் முடிவு செய்வதும் நடக்கிறது.

செஞ்சிப் பக்கத்துப் பெண்ணின் செய்தியை நிறைவு செய்ய வேண்டும். வகுப்புத் தொடங்கி ஆறு வாரத்தில் முதல் மாதத் தேர்வு வந்தது. இயற்பியலில் 50-க்கு 11, கணிதத்தில் 9. வீட்டில் யாரும் திட்டவில்லை. அவள் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். பழைய எழுத்துகளை வரைவதையும் நிறுத்திவிட்டாள் என்பதை முதலில் கண்டவர் தாத்தா. கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, கல்வெட்டு எழுத்தெல்லாம் மறந்துபோச்சா?" என்று கேட்டார். "அதுக்கெல்லாம் நேரம் இல்லைங்க தாத்தா" என்றாள். மறுநாள் அவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் அட்டவணையைப் பார்த்து, வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் பிரிவில் ஓர் இடம் உள்ளது, இன்னும் சில நாள் கடந்தால் மாற்ற இயலாது என்றார். மாற்றக் கோரும் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் தந்தையார் நெடுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். 'மகளின் விருப்பம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சென்னை மாமனுக்குச் செய்தி எட்டிச் சில காலம் வருத்தம் இருந்தது.

இந்த ஒரு பெண்ணின் விருப்பத்திற்கு ஏன் இத்துணை நேரம் என்று சிலர் எண்ணலாம். பீடத்தில் வைத்திருக்கும் இந்த ஏடுகளைப் பாருங்கள். இன்று காலை இவற்றிற்கு மலர் சாத்தியவர்களுள் இவற்றின் கிரந்த எழுத்தைப் படிக்க வல்லவர் எத்தனை பேர்? உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்றபோது, சமணக் கோட்பாடுகளில் எழுந்த ஐயங்களைக் கும்பகோணத்துச் சமண இல்லங்களில் கேட்டே தெளிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. அவ்வில்லங்களில் அந்நூல் வழிபாட்டுக்குரிய பொருளாக மட்டும் இருக்கவில்லை, படிக்கப்பட்டும் வந்தது. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் மாநிலக் கல்லூரியில் கற்பித்தது மெய்யியல். அவர் 1936-இல் நீலகேசியை வாமன முனிவர் உரையோடு பதிப்பித்துத் தந்திராவிட்டால், இன்று அந்நூலைப் பற்றிப் பேசுவதற்கும் அதன் ஏடுகளையே தேட வேண்டியிருக்கும். பதினைந்து, பதினாறு வயதில் 'இதற்கு வேலை கிடைக்காது' என்று அவரை ஒருவர் தடுத்திருக்கக்கூடும்.

எல்லாப் பிள்ளைகளும் தமிழும் வரலாறும் படிக்க வேண்டும் என்பதன்று. மருத்துவர் வேண்டும், கணக்காளர் வேண்டும், பயிரை அறிந்தவர் வேண்டும். நூறு பிள்ளைகளில் இருவர் மூவர்க்கு இயல்பாகவே அந்த நாட்டம் இருக்கும். அவர்களையும் வலிந்து இயற்பியல் ஆய்வகத்தில் நிறுத்திவிட்டால் இவ்வேடுகளை எவர் படிப்பது? பிராகிருதத்திற்கு 2024-இல் செம்மொழித் தகுதி கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை பட்டம் பெற்றவர்க்குத் தொல்லியல் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அங்கே செல்வதற்கான பாதை பதினொன்றாம் வகுப்பில் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விண்ணப்பத் தாளில் தொடங்குகிறது. அத்தாளில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்பதைக் கூட்டுமதிப்பெண் ஒன்றே முடிவு செய்கிறது இன்று.

இதுகாறும் கேட்டவர்கள், வீட்டிற்குச் சென்று பிள்ளையோடு தனியே பேசவேண்டும். சுற்றத்தார் கூடியிருக்கும்போது கேட்டால் பிள்ளை பெரியோர் மனம் கோணாத விடையையே சொல்லும். அது பிள்ளையின் பண்பே தவிர விருப்பம் அன்று. பிள்ளைகளும் ஒன்று செய்யலாம். தோழன் சேர்ந்த பிரிவு என்பதற்காகச் சேர வேண்டா. அப்பிரிவின் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல்களை மேல்வகுப்பு அண்ணனிடமோ அக்காளிடமோ வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு பாடத்தைப் படித்துப் பாருங்கள். நான்கு நாள் போதும். கணிதப் புத்தகத்தைத் திறந்தவுடன் உறக்கம் வருகிறதா, கணக்கு முடியும் வரை எழ மனம் வரவில்லையா என்பது தானே விளங்கிவிடும். தவறான பிரிவில் சேர்ந்துவிட்டதாக உணர்ந்தால், காலாண்டுத் தேர்வு வரை மறைக்காமல் முதல் மாதத்திலேயே வீட்டில் சொல்லுங்கள். மாற்ற இயலும் காலம் மிகக் குறுகியது.

அறக்கட்டளையினர் இன்று பிற்பகல் ஓர் ஏற்பாடு செய்துள்ளனர். பகலுணவுக்குப் பின் மண்டபத்தின் கீழ்ப்புறத்தில் மூன்று மேசைகள் போடப்படும். ஒன்றில் பொறியியலும் கணினியும் படித்தோர், ஒன்றில் மருத்துவம், செவிலியம், வேளாண்மை படித்தோர், மற்றொன்றில் வணிகவியலும் சட்டமும் கலைப்பாடங்களும் படித்தோர் அமர்ந்திருப்பர். எல்லோரும் இச்சமூகத்துப் பிள்ளைகளே. சென்ற சில ஆண்டுகளில் இதே முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள். மதிப்பெண் பட்டியலின் படி ஒன்றும், இதுவரை படித்த பள்ளிகளின் விவரமும் கையில் இருந்தால் நலம். பிள்ளை முதலில் தனியே பேசட்டும், பெற்றோர் அதன்பின் அமரலாம். ஐந்து மணிக்குள் முடித்துவிட்டால், கதிரவன் மறையுமுன் அனைவரும் உணவுண்டு ஊர் திரும்ப வசதியாக இருக்கும்.